வினைமிகு கந்தகச் சேர்மங்கள்: சொல்லும் பொருளும்

செல்லியல் படிக்கும் பிள்ளைகள் ‘ரியாக்டிவ் சல்ஃபர் ஸ்பீஷீஸ்’ என்ற தொடரைத் தமிழில் எழுதும்போது ‘எதிர்வினைக் கந்தக இனங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘எதிர்வினை’ என்றால் யாரோ செய்ததற்குப் பதிலாகச் செய்வது. ‘இனம்’ என்றதும் உயிரினம்தான் மனதில் வரும். இங்கே பேச்சு அதுவல்ல. பக்கத்தில் இருக்கும் மூலக்கூறோடு சட்டென்று வினைபுரியும் கந்தகச் சேர்மங்களைப் பற்றிய பேச்சு. ‘வினைமிகு கந்தகச் சேர்மங்கள்’ என்பதே சரியாகப் பொருந்தும்.

கந்தகம் என்ற பெயர் ‘கந்தம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. கந்தம் என்றால் மணம். நெல்லைச் சீமையில் இந்தப் பொருள் யாருக்கும் புதிதல்ல. கோவில்பட்டிப் பக்கம் தீக்குச்சி மருந்தில் அது உண்டு. சித்த மருத்துவத்தில் நெல்லிக்காய்க் கந்தகம், வாணக் கந்தகம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். நெய்யில் உருக்கிப் பாலில் ஊற்றிச் சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்ப்பார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களிடம் கேட்டால் இதை விரிவாகவே சொல்வார்கள். இதில் ஒரு விசேஷம்: தனிக் கந்தகத்துக்கு மணம் மிகக் குறைவு. எரியும்போதும், ஐதரசனோடோ கார்பனோடோ சேரும்போதும்தான் மூக்கைத் துளைக்கிறது. அப்படிப் பார்த்தால், பெயர் வைத்தவர்கள் கந்தகத்தின் சேர்மங்களுக்குத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அழுகிய முட்டையின் நாற்றம் ஐதரசன் சல்பைடு. அதை வெறும் நஞ்சாகவே நெடுங்காலம் கருதினார்கள். நஞ்சு என்பதில் சந்தேகமில்லை. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை அது முடக்கிவிடும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் மடிவதற்கு இந்த வாயு ஒரு முக்கியக் காரணம். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும். செறிவு கூடினால் மோப்ப உணர்வே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவருக்கு அதுவே எமன். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டமே வந்தும் சாவுச் செய்தி நின்றபாடில்லை. இதை ஊருக்கு ஊர் சொல்லியாக வேண்டும்.

சரி, அதே வாயு நம் உடம்புக்குள்ளும் துளித்துளியாக உண்டாகிறது. 1996-ல் மூளையில் அது செய்தி கடத்தும் வேலை செய்யக்கூடும் என்று ஜப்பானில் அபே, கிமுரா என்ற இருவர் எழுதினார்கள். அதை உண்டாக்கும் நொதி ஒன்றை நீக்கிய எலிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியதாக 2008-ல் ஓர் ஆய்வு காட்டியது. இரத்தக் குழாயைத் தளர்த்துவதில் அதற்குப் பங்கு உண்டு என்று அப்போது தெரிந்தது. அளவு குறைவாக இருந்தால் மைட்டோகாண்ட்ரியா அதை எரிபொருளாகக்கூட எடுத்துக்கொள்கிறது.

‘ரியாக்டிவ் சல்ஃபர் ஸ்பீஷீஸ்’ என்ற தொடரின் பொருளும் காலத்தோடு நகர்ந்திருக்கிறது. ‘வினைமிகு ஆக்சிஜன்’ என்ற பழைய தொடரைப் பார்த்து 2001 வாக்கில் இதை உருவாக்கியபோது, ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போய்ப் பிற மூலக்கூறுகளைத் தாக்கும் கந்தகச் சேர்மங்களையே மனதில் வைத்திருந்தார்கள். இன்று பெர்சல்பைடும் பாலிசல்பைடும் இதில் அடக்கம். கந்தக அணுக்கள் சங்கிலியாகக் கோத்திருப்பது பாலிசல்பைடு. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுவோடு இன்னொரு கந்தக அணு ஒட்டினால் அது பெர்சல்பைடு. சாதாரண சிஸ்டீனைவிட இது எளிதாக எலக்ட்ரானைக் கொடுக்கும். ஆக்சிஜனேற்றத்தால் புரதம் சேதமாகாமல் தடுக்க உதவும். தாக்குகிறவன் என்று பெயர் வாங்கிய கூட்டத்தில் காவல்காரனும் சேர்ந்துவிட்டான். அதனால்தான் ‘கந்தக நச்சுகள்’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இந்த வினை நடப்பதைப் பார்க்க அம்மி போதும். பூண்டுப் பல்லில் அல்லியின் என்ற சேர்மம் ஓரிடத்திலும், அல்லினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. முழுப் பல்லில் காரமணம் பெரிதாக இல்லை. நசுக்கியதும் இரண்டும் கலந்து, சில நொடியில் அல்லிசின் உண்டாகிறது. நெடி குப்பென்று எழுவது அப்போதுதான். மறுவீட்டு விருந்துச் சொதியில் பூண்டை முழுசாகப் போடுகிறோம் அல்லவா, சூட்டில் நொதி செயலிழந்துவிடும். அல்லிசின் அதிகம் பிறக்காது. தேங்காய்ப்பாலில் வெந்த பல் அவ்வளவு சாதுவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பூண்டிலிருந்து வரும் பாலிசல்பைடுகளை மனித இரத்தச் சிவப்பணுக்கள் ஐதரசன் சல்பைடாக மாற்றுகின்றன என்று 2007-ல் ஆய்வகத்தில் கண்டறிந்தார்கள். இதைக் கேட்டுவிட்டுப் பூண்டு மாத்திரையை டப்பா டப்பாவாக வாங்க வேண்டாம். ஆய்வகத்தில் சிவப்பணு செய்ததும், இரத்த அழுத்தக்காரருக்கு மாத்திரை செய்வதும் ஒன்றல்ல. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அப்புறம், கடைக் கந்தகத்தைச் சுத்தி செய்யத் தெரியாமல் வாயில் போடுவதும் ஆபத்து.

மருத்துவமனையில் இந்த வேதியியல் நேரடியாக உயிர் காக்கிற இடம் ஒன்று உண்டு. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கினால், அதிலிருந்து உண்டாகும் நச்சை அடக்குவதிலேயே கல்லீரலில் உள்ள குளூட்டாதயோன் என்ற கந்தகச் சேர்மம் தீர்ந்துவிடும். அசிட்டைல் சிஸ்டீன் கொடுத்து அதை மறுபடி நிரப்புகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

குளூட்டாதயோன், தயால் (கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த தொகுதி உள்ள சேர்மம்) இரண்டையும் தமிழாக்க முயன்று சிரமப்பட வேண்டியதில்லை. இரண்டிலும் உள்ள ‘தயோ’ கந்தகத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சிஸ்டீன் என்ற பெயர் சிறுநீர்ப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து. இரண்டு சிஸ்டீன் இணைந்து உண்டாகும் சிஸ்டினை 1810-ல் வோலாஸ்டன் என்ற வேதியியலாளர் சிறுநீர்ப்பைக் கல்லில்தான் கண்டெடுத்தார். இவற்றை இப்படியே எழுதிவிட்டு, ‘வினைமிகு கந்தகச் சேர்மங்கள்’ என்ற பொதுப்பெயரை மட்டும் தமிழில் வைத்துக்கொண்டால் போதும்.