பத்திரத்தில் இருக்கிற 'காடு' ஃபாரஸ்ட் இல்லை ஐயா!

பழைய பத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. பாரிமுனையில் சின்ன அறை, ஒரு மேசை. இந்த மாதம் இதே கோளாறோடு வந்த மூன்றாவது ஆள் இவர். காங்கயம் பக்கத்துக்காரர், வளசரவாக்கத்தில் குடியிருக்கிறார். மகனின் படிப்புக் கடனுக்காகத் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை செல்போனிலேயே மொழிபெயர்த்து வங்கியில் கொடுத்துவிட்டார்.

சக்குபந்தியில், அதாவது நிலத்தின் எல்லைகளைச் சொல்கிற பகுதியில், இருப்பது இது: 'இட்டேரிக்கு (இருபுறமும் வேலி உள்ள வண்டிப்பாதைக்கு) மேற்கு, பங்காளி காட்டுக்கு வடக்கு, இதன் மத்தியில் உள்ள காடு ஏக்கர் 3.' செல்போன் அதை மூன்று ஏக்கர் ஃபாரஸ்ட் ஆக்கிவிட்டது. வங்கி வக்கீல் வனத்துறையின் தடையின்மைச் சான்று கேட்கிறார். சோளம் விளைகிற நிலத்துக்கு!

கொங்கு நாட்டில் நஞ்சை என்றால் வயல், கிணறு இருந்தால் தோட்டம், மழையை நம்பிய மேட்டு நிலம் காடு. 'அப்பா காட்டுக்குப் போயிருக்காரு' என்றால் புலி வேட்டைக்கு இல்லை, களை வெட்ட.

'அது பேச்சுவழக்கு சார், இலக்கியத்தில் காடு வனம்தானே?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இல்லை. தொல்காப்பியம் 'மாயோன் மேய காடுறை உலகமும்' என்று சொல்கிற முல்லை நிலத்தில் ஆயர் மாடு மேய்த்தார்கள், வரகும் சாமையும் விதைத்தார்கள். மரமும் புதரும் மேய்ச்சலும் கொல்லையும் கலந்த நாட்டுப்புறம் அது. ஆள் நுழையக்கூடாத இடம் என்ற எண்ணத்தை 1882ஆம் ஆண்டு வனச்சட்டத்தையும் காப்புக்காட்டையும் பார்த்த கண்ணோடு பழைய சொல்லில் ஏற்றாதீர்கள். இங்கிலாந்திலும் இதே கதைதான். கென்ட், சசெக்ஸ் பக்கம் 'வீல்டு' என்று ஒரு வட்டாரம் இருக்கிறதே, பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்குக் காடு என்று பொருள். இன்று போய்ப் பார்த்தால் வயலும் வேலியும் தோப்பும் ஊரும்.

சரி, என்ன செய்வது? பட்டாவில் புன்செய் என்று இருந்தால் 'டிரை லேண்ட்' என்று எழுதுங்கள். காப்புக்காடு என்று தெளிவாக இருந்தால் மட்டும் 'ரிசர்வ் ஃபாரஸ்ட்'. அதை மழுப்பவும் கூடாது. ஊர்ப்பெயரைத் தொடவே தொடாதீர்கள். மாங்காட்டு முகவரியை 'மேங்கோ ஃபாரஸ்ட்' என்று அச்சடித்துக்கொண்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். என்னிடமோ வேறு யாரிடமோ போங்கள், பத்திரத்தோடு பட்டா நகலையும் எடுத்துப் போங்கள். காங்கயத்துக்காரர் அதை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.