ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்ட ரேம் எல்லாம் பொருத்தமான ரேம் அல்ல

பழைய கணினிக்குக் கூடுதல் ரேம் வாங்கி மாட்டிய பின் திரை வரவில்லை, பீப் ஒலி மட்டும் நிற்காமல் கேட்கிறது, மதர்போர்டு போய்விட்டது போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு சர்வீஸுக்கு வருபவர்கள் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். கடந்த வாரம் வந்தது ஒரு கணக்கு எழுதும் அலுவலகத்தின் கணினி. இன்டெல் ஜி41 சிப்செட் (பிராசசரையும் ரேமையும் இணைக்கும் போர்டின் மைய சிப்) கொண்ட போர்டு. 2 ஜிபி ரேமோடு பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. இணையத்தில் மலிவாகக் கிடைத்த 4 ஜிபி டிடிஆர்3 (மூன்றாம் தலைமுறை) ரேம் இரண்டை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கணினி எழவில்லை என்றதும், புதுப் போர்டு வாங்குங்கள் என்று யாரோ ஆலோசனை சொல்லியிருக்கிறார். சோதித்துப் பார்த்தால் போர்டிலும் குறையில்லை, ரேமிலும் குறையில்லை. அந்தப் போர்டுக்கான ரேம் அதுவல்ல, அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றே: "ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்ததே!" இந்த எண்ணத்தைத்தான் முதலில் கைவிட வேண்டும். ரேமின் அடிப்பகுதியில் உள்ள வெட்டு, ஒரு தலைமுறை ரேமை இன்னொரு தலைமுறைக்குரிய ஸ்லாட்டில் செருகாமல் தடுப்பதற்காக வைக்கப்பட்டது. மேசைக் கணினிக்கான டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள்தான். வெட்டின் இடம் வேறு என்பதால் மட்டுமே ஒன்றின் இடத்தில் மற்றது நுழைவதில்லை. அந்த வெட்டு தலைமுறையைச் சொல்லுமே தவிர, ரேமின் மேலுள்ள சிப்புகள் எத்தகையவை என்பதையோ, அவற்றை உங்கள் சிப்செட்டால் படிக்க முடியுமா என்பதையோ சொல்லாது.

ஜி41 சிப்செட் 8 ஜிபி வரை ஏற்கும் என்பது உண்மை. ஆனால் அது அறிந்த மிகப் பெரிய சிப் 2 ஜிகாபிட் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி) கொள்ளளவு உடையது. அத்தகைய சிப்புகளால் 4 ஜிபி ரேம் ஒன்றை அமைக்க, பக்கத்துக்கு எட்டாக மொத்தம் 16 சிப்புகள் வேண்டும். பிற்காலத்தில் வந்த 4 ஜிபி ரேம்கள் பலவற்றில் 4 ஜிகாபிட் சிப்புகள் எட்டு மட்டுமே ஒரே பக்கத்தில் இருக்கும். இரண்டும் டிடிஆர்3, இரண்டும் 4 ஜிபி, இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் பழைய சிப்செட் முதலாவதை மட்டுமே முழுமையாகப் படிக்கும். இரண்டாவதை மாட்டினால் கணினி எழாது, அல்லது பாதிக் கொள்ளளவையே காட்டும். வாங்கும் முன் சிப்புகளை எண்ணிப் பாருங்கள். லேபிளில் 2ஆர்எக்ஸ்8 (2Rx8) என்றிருந்தால் 16 சிப், 1ஆர்எக்ஸ்8 (1Rx8) என்றிருந்தால் எட்டு சிப். ஒரு நிமிட வேலை இது.

இதே வகையில் வேறு சில பொறிகளும் உண்டு. மிக மலிவாக விற்கப்படும் 4 ஜிபி டிடிஆர்2 ரேம்கள் பல, ஏஎம்டி போர்டுகளில் மட்டுமே இயங்குபவை. விளம்பரத்தின் ஓரத்தில் அது எழுதப்பட்டும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் ரெஜிஸ்டர்டு ரேம், வீட்டு உபயோக இன்டெல் போர்டுகளில் எழாது. நான்காம் தலைமுறை கோர் பிராசசர் கொண்ட லேப்டாப்புகள் 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் ரேமை எதிர்பார்ப்பவை, 1.5 வோல்ட் ரேம் அவற்றுக்கு உதவாது.

ஏற்கெனவே மாட்டிவிட்டு முழிப்பவர்கள் பதற வேண்டாம். மின்சார வயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கணினியை அணைத்தால் மட்டும் போதாது, அணைத்த பின்னும் போர்டில் மின்சாரம் இருக்கும். கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே ரேமை ஓரத்தைப் பிடித்துக் கழற்றுங்கள். பழைய ரேமை மட்டும் திரும்ப மாட்டிப் பாருங்கள். கணினி எழுந்தால் போர்டு நலமாக இருக்கிறது. எழாவிட்டால், வயரைப் பிடுங்கிய நிலையிலேயே போர்டில் உள்ள நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டு மாட்டி, பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதன் பின் ஒரே ஒரு ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிச் சோதியுங்கள். பிராசசரையும் சேர்த்து மாற்றிய கணினியில் ஒரு ஸ்லாட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், நான் முதலில் பார்ப்பது பிராசசர் சாக்கெட்டின் வளைந்த பின்களை. எல்ஜிஏ1155 வகை சாக்கெட் கொண்ட போர்டுகளில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருப்பதுதான் காரணம். சில டெல் கணினிகள், ரேமின் அளவு மாறியிருக்கிறது என்று ஒரு செய்தியைக் காட்டி நிற்கும். அது பிழையல்ல, வெறும் அறிவிப்பு.

எழாத கணினியைவிட, எழுந்து ஓடிவிட்டு இடையிடையே நீலத்திரை காட்டும் கணினிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அந்த நிலையில் பலர் செய்யும் முதல் காரியம் விண்டோஸை ஃபார்மட் செய்வது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரேம் பழுதாக இருந்தால் புதிதாக நிறுவப்படும் விண்டோஸும் பிழையோடுதான் டிஸ்க்கில் பதியும். பழுதான ரேம் வழியாகச் சேமிக்கப்படும் கணக்குக் கோப்புகளும் புகைப்படங்களும் உங்களுக்குத் தெரியாமலே சிதையலாம். அவற்றை மீட்டுத் தர என்னால் பெரும்பாலும் முடிவதில்லை. கணினியில் வேலையை நிறுத்திவிட்டு, ரேமைச் சோதிக்க இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த அமைப்பை நம்பக் கூடாது. பிறகு ரேம்களைத் தனித்தனியாக ஓட்டிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்.

32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்குள்தான் பயன்படும். எனவே ரேமுக்குச் செலவிடும் முன் அதைப் பாருங்கள். போர்டின் மாடல் எண்ணை சிபியு-இசட் மென்பொருளில் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் ரேம் பட்டியலோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் கணினியையே கடைக்குக் கொண்டுபோய், மாட்டி எழுப்பிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். இணையத்தில் வாங்குவதானால், திரும்பப் பெற்றுக்கொள்ளும் கெடு முடிவதற்குள் மெம்டெஸ்ட் ஓட்டி முடித்துவிடுங்கள். அதுவரை பழைய ரேமை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.