மென்ஹிர்: நெடுங்கல்லா, நடுகல்லா, குத்துக்கல்லா?

ஒற்றைக் கல் ஒன்றை, செதுக்காமலோ லேசாகத் தட்டிச் சீர்செய்தோ, நிலத்தில் செங்குத்தாக ஊன்றி நிறுத்தினால் அதைத் தொல்லியலார் மென்ஹிர் என்கிறார்கள். தனியாகவும் நிற்கும், வரிசையாகவும் நிற்கும். மேலே கூரைக்கல் கிடையாது. நான்கு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி மேலே மூடினால் அது கற்திட்டை. அதன் கதை வேறு.

மென்ஹிர் என்பது பிரெட்டன் மொழிச் சொற்களைச் சேர்த்துக் கட்டியது. பிரான்சின் வடமேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனி வட்டாரத்து மக்களின் கெல்டிய மொழி அது. 'மென்' என்றால் கல், 'ஹிர்' என்றால் நீளமானது. அதன் உறவுமொழியான வேல்ஸ் மொழியிலும் 'மாயென் ஹிர்' என்றால் இதே பொருள்தான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழம்பொருள் ஆர்வம் கொண்ட பிரெஞ்சு அறிஞர்கள் இதைக் கலைச்சொல்லாக எழுத ஆரம்பித்தார்கள். அங்கிருந்து உலகம் முழுக்கப் போய்விட்டது. பிரெட்டன் மொழியிலோ இந்தக் கல்லுக்குப் 'பெல்வன்' என்ற பெயரும் உண்டு. தூண்கல் என்று பொருள்.

பெயர் கெல்டியம் என்பதால் கல்லையும் கெல்டியர் நட்டதாக நினைத்துவிடக் கூடாது. இந்தத் தவறு ரொம்பக் காலம் நிலவியது. கெல்டியப் பூசாரிகளான துருயிதுகள் இவற்றின் முன்னால் பலி கொடுத்ததாகவெல்லாம் எழுதினார்கள். ஆனால் பிரிட்டனியின் பெரிய கற்கள் கி.மு. 5-ஆம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை. கெல்டியர் என்று நாம் அறிந்த மக்கள் வரலாற்றில் தெரிவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, இரும்பு தெரியாத உழவர்கள் அவற்றை இழுத்துவந்து நிறுத்திவிட்டார்கள். லொக்மரியாக்கே என்ற ஊரில் உடைந்து நான்கு துண்டாகக் கிடக்கும் ஒரு கல், நின்றபோது சுமார் 20 மீட்டர் நீளம், ஏறக்குறைய 280 டன் எடை. சக்கர வண்டியும் இல்லாமல் இதை நகர்த்தியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

நட்டவர்கள் போய்விட்டார்கள், காரணமும் அவர்களோடு போய்விட்டது. பின்னால் வந்து அங்கே குடியேறியவர்கள் தினமும் அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டு மாடு மேய்க்க வேண்டியிருந்தது. கதைகள் பிறந்தது அப்படித்தான். பிரிட்டனியின் கார்னாக் ஊரைச் சுற்றி 3,000-க்கு மேற்பட்ட கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றன. மெனெக் என்ற பகுதியில் மட்டும் 11 வரிசை. மேற்குக் கோடியில் 4 மீட்டர் வரை உயர்ந்து நிற்பவை, நடுவில் முழங்காலளவுக்குச் சிறுத்து, கிழக்குக் கோடியில் மறுபடி உயர்கின்றன. ஊர்க்காரர்களுக்கு இது ஒரு படை. ரோமானியப் படைவீரர்கள் துரத்த, புனித கொர்னேலி தன் இரண்டு எருதுகளோடு ஓடிவருகிறார். எதிரே கடல், ஓட வழியில்லை. திரும்பி நின்று படையைப் பார்க்கிறார். அணிவகுத்தபடியே அத்தனை பேரும் கல்லாகிவிடுகிறார்கள். இந்தக் கொர்னேலி மாடுகளுக்குக் காவல் புனிதர். கார்னாக் தேவாலயத்தின் முகப்பில் இன்றும் இரண்டு மாடுகளுக்கு நடுவே நிற்கிறார். அவர் திருவிழாவுக்கு உழவர்கள் தங்கள் மாடுகளை ஓட்டிவந்து மந்திரித்துப் போவது வழக்கமாக இருந்தது.

இன்னொரு கதை பிரிட்டனி முழுவதும் வெவ்வேறு வடிவில் உலவுகிறது. கிறிஸ்துமஸ் இரவில் கற்கள் எழுந்து ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போகுமாம். அவை நின்ற குழியில் புதையல் இருக்கும். ஆசைப்பட்டு இறங்கியவன் மேலே ஏறுவதற்குள் கல் திரும்பி வந்து அவனை நசுக்கிவிடும். தோல் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சான்-தொலான் கல், போரிட்ட அண்ணன் தம்பி படைகளை விலக்கிவிட வானத்திலிருந்து விழுந்ததாம். அது கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, முழுதும் மறையும் நாளில் உலகம் முடியும் என்பார்கள். கெர்லோவாஸ் கல் இன்று நிற்பவற்றிலேயே உயரமானது, 9 மீட்டருக்கும் மேல். அதன் அடிப்பக்கத்தில் இரண்டு குமிழ்கள் புடைத்திருக்கின்றன. முன்பெல்லாம் புதுமணத் தம்பதி இரவில் போய் வயிற்றை அதில் உரசுவார்கள். அவனுக்கு ஆண் பிள்ளை வேண்டும். அவளுக்கு வீட்டு அதிகாரம் தன் கையில் வேண்டும். திருச்சபைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆனாலும் பல கற்களை உடைக்காமல் சிலுவை வைத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது. சான்-உசெக் கல்லில் 1674-இல் இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் சின்னங்களைச் செதுக்கினார்கள். எனக்கு இந்தக் கதைகள் தொல்லியல் அறிக்கைக்குக் குறைந்தவையாகத் தோன்றவில்லை. இத்தனை நூற்றாண்டுகள் கல்லை யாரும் பெயர்க்காமல் காத்ததில் இந்தப் பயத்துக்கும் பக்திக்கும் பெரும் பங்கு உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது?

நம்மவர்கள் உடனே எடுப்பது நடுகல். பழைய சொல், அழகான சொல். தொல்காப்பியம் 'காட்சி கால்கோள் நீர்ப்படை நடுகல்' என்று கல் எடுக்கும் சடங்கையே படிப்படியாகச் சொல்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். ஔவையார் அதியமானை நினைத்து அழும் புறநானூற்றுப் பாடலில் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் ஊற்றுகிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று கேட்கிறார். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி என்ற பழைய எழுத்துப் பொறித்த கல்லும் அப்படித்தான். கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த 'கல்' என்று அது பெயர் சொல்லி நிற்கிறது. கார்னாக்கின் 3,000 கற்களையும் நடுகல் என்று எழுதினால், இறந்தவர் நினைவுக்கு நட்டவை என்று நாமாக ஒரு தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

அடுத்தது குத்துக்கல். இது மக்கள் வாயில் உயிரோடு இருக்கிறது. தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசை என்றே ஊர் உண்டு. 'குத்துக்கல்லாட்டம் நான் இங்க இருக்கேன், என்னைக் கேட்காம செய்றியா?' என்று வீட்டில் பெரியவர்கள் சத்தம் போடுவதைக் கேட்காதவர் யார்? குத்து என்றால் இங்கே செங்குத்து. பக்கத்து மொழிகளும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. தெலங்கானாவில் கிருஷ்ணை ஆற்றங்கரை முடுமாலில் நிற்பவற்றை ஊரார் நிலுவு ராள்ளு என்பார்கள். கர்நாடகத்தின் மலநாட்டில் நெடுங்கற்கள் நிற்கும் ஓர் ஊருக்கே நிலஸ்கல் என்று பெயர். இரண்டுமே நிற்கும் கல்தான். குத்துக்கல்லில் ஒரே சிக்கல், வயல் எல்லைக்கு நட்ட இடுப்பளவுக் கல்லும் அதற்குள் வந்துவிடும்.

மிச்சம் நெடுங்கல். நெடு, கல் என்று பிரித்தால் ஹிர், மென் இரண்டும் அப்படியே வந்துவிடுகின்றன. நட்டதன் நோக்கம் பற்றி எதுவும் சொல்லாது. அகநானூற்றின் 289-ஆம் பாடலில் 'நெடுநிலை நடுகல்' என்று வருகிறதே, அதையே சொல்லலாமே என்பவர்கள் உண்டு. அந்தப் பாடல் காட்டுவது நாள்தோறும் பலி பெறும் நினைவுக்கல்லை. பெருங்கற்கால ஈமக்காட்டில், அடியில் புதைகுழியோ பதுக்கை என்னும் கல்லறையோ உள்ள உயர்ந்த கல்லுக்கு அது மிகப் பொருத்தம். உலகப் பொதுச் சொல்லாக வைக்க நெடுங்கல்லே போதும்.

ஆக, எழுதும்போது கார்னாக் நெடுங்கல் வரிசை, கெர்லோவாஸ் நெடுங்கல் என்று எழுதலாம். யாருடைய நினைவுக்கு என்று எழுத்தோ சிற்பமோ சொன்னால் நடுகல். ஊரார் குத்துக்கல் என்று காட்டிக்கொடுத்தால் அறிக்கையிலும் அந்தப் பெயரையே முதலில் எழுதி, வகை நெடுங்கல் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். அப்படியே அந்தக் கல்லைப் பற்றி அவர்கள் சொல்லும் கதையையும்.