படிவத்தின் கடைசி இரண்டு கேள்விகள்

30 வயது தாண்டியவர்களிடம் ஆஷா போன்ற சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து நிரப்பும் படிவம் ஒன்று உண்டு. சமூக அளவிலான மதிப்பீட்டுப் பட்டியல் என்று பெயர்; ஆங்கிலச் சுருக்கமாக சீபேக் (CBAC) என்பார்கள். புகையிலைப் பழக்கம், இடுப்புச் சுற்றளவு, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் மனதைப் பற்றி இரண்டே கேள்விகள் வரும். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? இல்லவே இல்லை என்றால் 0, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. இரண்டும் சேர்ந்து 3-ஐத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது.

60 வயதுக்கு மேல் என்றால் மறதி பற்றியும் ஒரு கேள்வி உண்டு: நெருங்கியவர்களின் பெயரோ சொந்த வீட்டு முகவரியோ மறந்துபோகிறதா?

இந்த இடத்தில்தான் பலரும் தவறவிடுகிறோம். திண்ணையில் அம்மா உட்கார்ந்திருப்பார். கேள்வி அவருக்கு. பதில் உள்ளேயிருந்து வரும்: "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, வயசாயிடுச்சு, மறதி இருக்கத்தானே செய்யும்." அம்மாவும் தலையாட்டிவிடுவார். பேனா 'இல்லை'யில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தயவுசெய்து அவரையே பேச விடுங்கள். அக்கம்பக்கத்தார் இருந்தால் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் நடப்பது. இத்தனை வருடம் வைத்த குழம்பை எப்படித் தொடங்குவது என்று அடுப்பு முன்னால் திகைத்து நிற்பது வேறு. அதற்கும் எல்லா நேரமும் டிமென்ஷியா என்ற மறதி நோய் காரணமில்லை. தைராய்டு குறைவு, பி12 குறைவு, காது மந்தம், ஏன், மனச்சோர்வேகூட மறதியாகத் தெரியும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதால்தான் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறேன்.

படிவம் ஒரு சல்லடைதான். அதில் மதிப்பெண் வந்துவிட்டாலே நோய் என்று அர்த்தமில்லை. சுகாதார நிலையத்தில் மருத்துவர் மனச்சோர்வு பற்றி 9 கேள்விகள் உள்ள பட்டியலைக் கேட்கலாம். மறதியைப் பார்க்க மூன்று சொற்களைச் சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, அப்புறம் அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்கலாம். அம்மா பள்ளிக்கூடம் போகாதவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேனாவே பிடிக்காத கைக்குக் கடிகாரம் கோணலாக வருவது மறதியால் அல்ல. அந்த 9-ல் கடைசிக் கேள்வி, சாகலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. வந்திருந்தால் மறைக்க வேண்டாம். அப்படிக் கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. சொன்னால்தான் உதவி கிடைக்கும்.

மேல் சிகிச்சை தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்புவார்கள். இது யாரும் நமக்குச் செய்யும் தயவு அல்ல. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, அரசு நடத்தும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை இலவசம். நோய் பற்றிய விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது 23-வது பிரிவு. ஊரில் தெரிந்துவிடுமோ என்று தயங்குபவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நேரில் போக முடியாவிட்டால் 14416. டெலி மானஸ் என்ற இந்த அரசு மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

சுகாதார நிலையத்துக்குக் கிளம்பும்போது அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை, சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சில மாத்திரைகளே மறதியைக் கொண்டுவரும். மருத்துவர் முதலில் அவற்றைப் பார்க்கட்டும்.