பாசறை வேறு, பேரக்ஸ் வேறு

போன மாதம் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. மண்டபத்தின் முகவரியில் ‘பெரம்பூர் பாசறைச் சாலை’ என்று அச்சிட்டிருந்தார்கள். சித்தப்பாவும் நானும் எழும்பூரில் ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் இருபது வருடமாக வடசென்னையில் வண்டி ஓட்டுகிறவர். அழைப்பிதழை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, “பாசறைச் சாலைன்னு ஒண்ணும் இல்லியே சார்” என்றார். டவுட்டன் பக்கம், பட்டாளம் போகிற வழி என்று நான் சொன்னதும், “பேரக்ஸ் ரோடுன்னு சொல்லுங்க” என்று வண்டியைக் கிளப்பினார்.

தமிழில் எழுதவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அதை அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணத்தின் மேல் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் அந்தச் சொல்லின் மேல்தான். மொழிபெயர்ப்பு நாவல்களில், திரைப்பட வசன வரிகளில், வரலாற்றுக் கட்டுரைகளில் எங்கே பேரக்ஸ், அதாவது படைவீரர்கள் தங்கும் கட்டடம், வந்தாலும் பாசறை என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு மொழிபெயர்ப்பில் வீரர்கள் பாசறையின் மாடிப்படியில் இறங்கி வருகிறார்கள். பாசறைக்கு ஏது மாடிப்படி?

முதலில் பேரக்ஸின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலம் இந்தச் சொல்லைப் பிரெஞ்சிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக்கு அது இத்தாலிய, ஸ்பானிய மொழிகளிலிருந்து வந்தது. அங்கே ‘பராக்கா’ என்றால் குடிசை, கொட்டகை, சிப்பாயின் குடில். அதற்கு முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. தொடக்கத்தில் குடிசையைக் குறித்த சொல், ஐரோப்பிய அரசுகள் நிரந்தரப் படைகளை வைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய நீளமான கட்டடத்துக்குப் பெயராயிற்று. வரிசையாகக் கட்டில்கள், பொதுவான சமையல், வெளியே அணிவகுப்புத் திடல். போர் இல்லாத நாட்களிலும் படைவீரன் வருடக்கணக்கில் தங்கும் இடம் அது. ‘போர் இல்லாத நாட்களிலும்’ என்பதுதான் இங்கே முக்கியம்.

ஆங்கிலேயர் காலத்து மெட்ராஸ் படையில் இந்தச் சொல்லுக்கு இன்னும் குறுகலான பொருள் இருந்தது. அரசு கட்டிக்கொடுத்த பேரக்ஸில் பொதுவாகத் தங்கியவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். நம் ஆட்கள் இருந்தது ‘லைன்’களில். அவை வரிசை வரிசையாகப் போட்ட குடிசைகள், பெரும்பாலும் சிப்பாய்களே கட்டிக்கொண்டவை. வங்காளப் படையின் சிப்பாய்கள் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வருவார்கள். மெட்ராஸ் சிப்பாய்கள் மனைவி மக்களோடு லைனிலேயே குடியிருந்தார்கள். படைப்பிரிவு ஊர் மாறினால் குடும்பமும் சேர்ந்து மாறும்.

வேலூர்ப் புரட்சியை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு தெரிந்திருக்கவேண்டும். அங்கே சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடும்பத்தோடு குடிசைகளில் இருந்தவர்கள். மறுநாள் காலை அணிவகுப்பு இருந்ததால் அன்று இரவு கோட்டைக்குள்ளேயே படுக்கச் சொன்னார்கள். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் அவர்கள் எழுந்து, 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த வெள்ளைச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்த பேரக்ஸைச் சுற்றிவளைத்துச் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. இதைத் தமிழில் எழுதும்போது ‘ஐரோப்பியரின் பாசறையைத் தாக்கினர்’ என்று எழுதினால் படிக்கிற பையன் மனதில் என்ன தோன்றும்? கோட்டைக்கு வெளியே திடலில் கூடாரம் போட்டு இறங்கியிருந்த ஒரு படைதான் தோன்றும். கோட்டைக்குள் வெள்ளையருக்குக் கட்டடம், கோட்டைக்கு வெளியே நம்மவருக்குக் குடிசை என்ற ஏற்பாடு மொத்தமும் அந்த ஒரு சொல்லில் மறைந்துபோகும்.

சரி, பாசறை என்றால் என்ன? பசுமை, அறை என்று பிரித்து, தழை வேய்ந்த குடில் என்று பொருள் சொல்வது உண்டு. பிரிப்பு எப்படியும் இருக்கட்டும், வழக்கைப் பார்ப்போம். முல்லைப்பாட்டில் ஒரு பாசறை முழுசாக இருக்கிறது. காட்டாறு ஓடும் பரந்த முல்லை நிலம். பிடவம் முதலான புதர்களை வெட்டி, காட்டு முள்ளால் வேலி வளைத்து, ‘படுநீர்ப் புணரியின் பரந்த பாடி’, அதாவது கடல் போலப் பரந்த பாடி, அமைக்கிறார்கள். யானை தனக்குப் போட்ட கரும்பையும் நெற்கதிரையும் தின்னாமல் நிற்கிறது. வில்லை ஊன்றி அம்பறாத்தூணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது முனிவரின் முக்கோலில் ஆடை தொங்குவதுபோல் இருக்கிறதாம். கயிறு கட்டிய கூடாரங்கள், நாழிகை சொல்கிறவர்கள், காவலுக்கு யவனர்கள். அரசன் உறக்கமில்லாமல் புண்பட்ட யானைகளையும் இறந்துபோன வீரர்களையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நேற்றுவரை காடாக இருந்த இடம் அது. போர் முடிந்தால் நாளைக்கு மறுபடியும் காடு.

சங்கப் பாடல்களில் பாசறை என்ற சொல்லுக்கு இருக்கிற கனம் இந்த நிலையாமையிலிருந்துதான் வருகிறது. தலைவன் பாசறையில், தலைவி வீட்டில். கார்காலம் வருவதற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை. பாசறைக்குப் போனவன் திரும்பி வரவேண்டியவன், அதனால்தான் அங்கே காத்திருத்தல் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. மெட்ராஸ் லைனிலோ சிப்பாயின் பெண்டாட்டி அடுத்த அறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரனுக்குப் பேரக்ஸ்தான் வீடு. இந்த இரண்டு நிலைக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பேரக்ஸும் விளங்காது, முல்லைப்பாட்டும் வெளிறிப்போகும். எனக்கு அதிகம் வலிப்பது இரண்டாவதுதான். பேரக்ஸுக்கு வேறு சொல் தேடிக்கொள்ளலாம். பாசறை தன் பொருளை இழந்தால் அந்த இடத்தில் வைக்க இன்னொரு சொல் கிடைக்காது.

ஏற்கெனவே பாதி இழந்துவிட்டது. கட்சிக்காரர்கள் இரண்டு நாள் கூட்டத்துக்குப் பயிற்சிப் பாசறை என்கிறார்கள். அதையாவது கூடிக் கலைவதால் ஒருவகையில் ஏற்றுக்கொள்ளலாம். நிரந்தரமான அணிகளுக்கும் இப்போது பாசறை என்று பெயர் வைக்கிறார்கள். வீரமாக ஒலிக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை எடுப்பது, அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காதது. மொழிபெயர்ப்பாளர்கள் செய்வதும் இதே காரியம்தான். அகராதியில் ‘படைவீரர் தங்குமிடம்’ என்று பார்த்ததும் நெஞ்சில் முதலில் வருகிற பழைய சொல்லை எழுதிவிடுகிறார்கள். எத்தனை நாள் தங்குமிடம், எதனால் கட்டிய தங்குமிடம், யாரோடு தங்குமிடம் என்று கேட்பதில்லை. இந்த மூன்றையும் கேட்டாலே பாதிப் பிழை போய்விடும்.

படைமுகாம் என்று எழுதுகிறவர்கள் பேச்சுவழக்கு பக்கம் நிற்பதாக நினைக்கலாம். முகாமும் தங்கிப் போகிற இடம்தான். அரபியிலிருந்து உருது வழியாக வந்த அந்தச் சொல்லை நாம் கண் மருத்துவ முகாம், நாட்டுநலப்பணித் திட்ட முகாம் என்று மிகச் சரியாகவே பயன்படுத்துகிறோம். கலெக்டர் முகாமில் இருக்கிறார் என்றால் அலுவலகத்தில் இல்லை என்று எல்லோருக்கும் புரிகிறது. அந்தத் தெளிவை ஏன் கெடுக்கவேண்டும்?

தனித்தமிழ் அன்பர்கள் படைவீடு என்பதை முன்வைக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீடு இருக்கிறது, நிரந்தரமும் இருக்கிறது. நானே ஒரு காலத்தில் அதைத்தான் எழுதினேன். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே குடியேறிய வீடு. பழைய வழக்கில் அதற்குப் பாசறை, ஆயுதசாலை, தலைநகர் என்று பல பொருள். ஆரணிக்குப் பக்கத்தில் சம்புவராயர்களின் தலைநகரமாக இருந்த படைவீடு இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது, பேச்சில் படவேடு. இவை எல்லாவற்றுக்கும் மேல், இன்றைய தமிழன் காதில் படைவீடு என்று விழுந்தால் திருச்செந்தூரும் பழநியும்தான் நினைவுக்கு வரும். திருமுருகாற்றுப்படையின் ‘ஆற்றுப்படை வீடு’தான் ‘ஆறுபடை வீடு’ என்று திரிந்தது என்றும் சொல்கிறார்கள். அது சரியோ தவறோ, மக்கள் மனதில் முருகன் உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்பிவிட்டு அங்கே 69ஆம் படைப்பிரிவை உட்கார வைக்க முடியாது.

பாளையமும் தண்டும் நல்ல சொற்கள், ஆனால் அவை பேரக்ஸுக்கு உரியவை அல்ல. படை மொத்தமாக இறங்கியிருக்கும் இடத்தைச் சொல்ல வந்தவை. பாளையங்கோட்டையில் அது ஊர்ப் பெயராகவே நிலைத்திருக்கிறது. கோயம்புத்தூர் தண்டு மாரியம்மன் பெயரில் உள்ள தண்டும் படை தங்கியதைக் குறிப்பதுதான். பெங்களூர் கண்டோன்மெண்ட் ரயில் நிலையத்தின் பலகையைக் கன்னடத்தில் படித்தால் ‘தண்டு’ என்று எழுதியிருக்கும். கன்னடக்காரர்கள் கண்டோன்மெண்டுக்குத் தங்கள் பழைய சொல்லை விடாமல் வைத்திருக்கிறார்கள். நாமும் வைத்திருக்கலாம். பேரக்ஸ் என்பது அந்தத் தண்டுக்குள் இருக்கும் ஒரு கட்டடம்.

அப்புறம் என்னதான் சொல்வது? படைவிடுதி என்கிறேன் நான். மாணவர் விடுதி என்றால் நமக்கு உடனே புரிகிறது. ஒரே வேலையாக வந்த பலர், வரிசைக் கட்டில், பொதுச் சமையலறை, மணி அடித்தால் எழுந்திருக்கவேண்டும், வார்டன் ஒருவர் இருப்பார். பேரக்ஸின் வாழ்க்கை அப்படியே இதுதான். வீடு, விடுதி இரண்டுக்கும் ‘விடு’ என்பதே வேர், ஆனால் சேர்ந்து தங்குவது விடுதியில்தான் இருக்கிறது. செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இன்றும் நிற்கிற கிங்ஸ் பேரக்ஸை ‘மன்னர் படைவிடுதி’ என்று சொல்லிப் பாருங்கள், கட்டடம் கண்ணில் தெரியும். வேலூர் வரலாற்றில் ‘ஐரோப்பியப் படைவிடுதி’ என்று எழுதினால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் என்பதும் சேர்ந்தே புரியும். லைனை லைன் என்றே விடலாம். தேயிலைத் தோட்டத்து லயன் வரை அது தமிழாகிவிட்டது.

ஆனால் இதெல்லாம் பொதுச்சொல்லுக்குத்தான். ஊர்ப் பெயருக்கு, தெருப் பெயருக்குப் படைவிடுதியும் கூடாது. ஹைதராபாத்தில் நிஜாமின் அரபுச் சிப்பாய்கள் தங்கியிருந்த பேரக்ஸ், மக்கள் வாயில் ‘பார்க்கஸ்’ ஆகி, இன்று ஒரு பேட்டையின் பெயராக இருக்கிறது. சிப்பாய்கள் போய் வெகுகாலம் ஆகிறது. அங்கே வாழும், ஏமன் நாட்டு ஹத்ரமௌத் பகுதி வம்சாவளியினருக்குப் பார்க்கஸ் அவர்களுடைய ஊர். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

பெரம்பூர் பேரக்ஸும் அப்படித்தான். படை போய்விட்டது, கட்டடமும் போய்விட்டது. டவுட்டனிலிருந்து பட்டாளம் வரை நடந்தால் கடைகளும் அடுக்குமாடிகளும் பேருந்து நெரிசலும்தான். அங்கே ஒரு காலத்தில் படை இருந்தது என்பதற்கு இப்போது மிச்சமிருக்கும் சாட்சி இரண்டு பெயர்கள். ஒன்று சாலைக்கு வெள்ளைக்காரன் வைத்தது, பேரக்ஸ் ரோடு. இன்னொன்று பக்கத்துப் பேட்டைக்குப் படையைப் பார்த்த மக்கள் சொன்னது, பட்டாளம். பட்டாலியன் என்ற ஐரோப்பியச் சொல்தான் இங்கே பட்டாளமாகவும், வடக்கே பல்டனாகவும் ஆயிற்று. மக்கள் கட்டடத்தின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை, அதில் இருந்த ஆட்களின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். இப்போது குழந்தைகள் நாலு பேர் சேர்ந்து வந்தாலும் ‘பட்டாளமே வந்திருக்கு’ என்கிறோம். எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்காத சொல்.

என் பெரியம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து முப்பது வருடம் பட்டாளத்தில் இருந்தவர். பெரியப்பா பின்னி மில்லில் வேலை. விடுமுறைக்குப் போனால் பட்டாளம் மார்க்கெட்டுக்கு என்னையும் கூட்டிப்போவார். “இங்க எங்க பெரிம்மா பட்டாளம்?” என்று ஒருமுறை கேட்டேன். மீன்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டே, “முன்ன வெள்ளக்காரன் சிப்பாயிங்க இருந்தாங்களாம், அதனால இது பட்டாளம், அது பேரக்ஸு” என்றார். அவர் கேள்விப்பட்டதைச் சொன்னார், அவருக்குச் சொன்னவரும் கேள்விப்பட்டதைத்தான் சொல்லியிருப்பார். எனக்குப் பேரக்ஸ் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரியும்.

விழா முடிந்து வெளியே வந்ததும் அமைப்பாளரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த அழைப்பிதழில் ‘படைவிடுதிச் சாலை’ என்று போட்டுவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் ஐயா, ‘பெரம்பூர் பேரக்ஸ் ரோடு, பட்டாளம்’ என்றே போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.