தக்கின்: எசமானா, உடையவனா?

தமிழ்நாட்டிலிருந்து யாங்கூனுக்கு (பழைய ரங்கூன்) வரும் உறவினர்கள் பர்மிய வரலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "தக்கின் ஆங் சான், தக்கின் நூ என்கிறீர்களே, அது குடும்பப் பெயரா?" இருவரும் பர்மிய விடுதலைத் தலைவர்கள். பர்மியருக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமே கிடையாது. தக்கின் ஒரு பட்டம். அதுவும் யாரும் கொடுத்ததல்ல, அவர்களே எடுத்துக்கொண்டது.

பர்மிய மொழியில் தக்கின் என்றால் எசமான், உடையவன். பெண்பால் தக்கின்மா. எழுத்தில் அதன் முதலெழுத்து நம் ஸகரத்துக்கு இணையானது. பேச்சில் அதை நாக்கு நுனியைப் பல்லில் வைத்துத் தகரம்போல ஒலிப்பார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வெள்ளைக்காரரைத் தக்கின் என்றுதான் அழைக்க வேண்டும். வடஇந்தியாவில் சாகிப், நம்மிடம் துரை என்பதுபோல. ஆனால் 'துரை'யில் இல்லாத ஒரு வலி இதில் உண்டு. மண்ணில் பிறந்தவன், கப்பலேறி வந்தவனைப் பார்த்து "உடையவரே" என்கிறான்.

1930இல் நெல்விலை விழுந்தது. கீழ்ப் பர்மாவில் செட்டியார்களிடம் நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்த உழவர்களால் வட்டி கட்ட முடியவில்லை. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்குப் போன நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. நம்மவர் பலர் இதைப் பேசத் தயங்குகிறார்கள். கடன் கொடுத்தவர் சட்டப்படிதான் நடந்தார், சரி. உழுதவன் வயிறு எரிந்ததும் உண்மைதானே? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளருக்கும் பர்மியருக்கும் மோதல் மூண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் தெலுங்குக் கூலிகள். இரண்டு பக்கமும் ஏழைகள்தான். கூலியைக் குறைத்தே வைத்திருந்தவர்கள் மேலே சுகமாக இருந்தார்கள். அந்த அநியாயத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சூட்டில்தான் பா தவுங் என்ற இளைஞர் தோபாமா ஆசியயோன், அதாவது 'நாம் பர்மியர் சங்கம்', தொடங்கினார். "பர்மா நம் நாடு, பர்மிய மொழி நம் மொழி" என்பது அவர்கள் முழக்கம். உறுப்பினர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் தக்கின் சேர்த்துக்கொண்டார்கள். இந்த நாட்டுக்கு உடையவர்கள் நாங்கள்தான் என்று பெயரிலேயே சொன்னார்கள். 1938இல் ஏனாஞ்சவுங், சவுக் எண்ணெய்க் கிணறுகளில் வேலைநிறுத்தத்தை நடத்தியவர் தக்கின் போ லா ஜி. ஆங் சானும் நூவும் அந்தக் காலத்தில்தான் சங்கத்தில் சேர்ந்தார்கள். நிலம், கூலி, மொழி என்று தனித்தனியாகக் கிடந்த மனக்குறைகள் அப்புறம் விடுதலைக் கோரிக்கையாகத் திரண்டன. 1948 ஜனவரி 4இல் நாடு விடுதலை பெற்றபோது பிரதமர் தக்கின் நூ.

தமிழில் என்ன சொல்வது? எசமான் வடமொழி வழி வந்தது. துரை தெலுங்கு 'தொர'விலிருந்து வந்து வெள்ளைக்காரனோடு ஒட்டிக்கொண்டது. முதலாளி என்றால் காசு வாடை. ஆண்டை என்றாலோ சாதிச் சுமை. எனக்குப் பொருத்தமாகப் படுவது உடையவன். "உடையவன் பாராப் பயிர் உருப்படுமா" என்கிறோமே, நிலத்தோடு சேர்ந்த அந்த உரிமைதான் இங்கே வேண்டும்.

ஆகவே தமிழில் எழுதும்போது வெள்ளைக்காரரைக் குறிக்குமிடத்தில் துரை என்று போடலாம். இளைஞர்களின் பட்டமாக வருமிடத்தில் தக்கின் என்றே விட்டு, முதல்முறை மட்டும் பக்கத்தில் 'உடையவன்' என்று பொருள் கொடுத்தால் போதும்.