கோயில் முற்றத்துக்கு எத்தனை டன் தார்க்கலவை?

தைப்பூசக் காவடிக்குள் முற்றத்துக்குத் தார் போட்டுவிடலாம் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துக் கோயில் கமிட்டி ஒன்றில் பேச்சு எழுந்தால், முதலில் வெளியே வருவது அளவு நாடாதான். நீளத்தையும் அகலத்தையும் கவனமாக அளப்பார்கள். ஆனால் கணக்கு பிசகுவது பெரும்பாலும் அங்கே இல்லை, தடிமனில்தான்.

முற்றம் 32 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 480 சதுர மீட்டர். கார் நிற்கிற இடம்தானே, ரோலர் ஓடி இறுகிய பிறகு 40 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். கொள்ளளவு 19.2 கன மீட்டர் ஆகிறது. நன்றாக இறுகிய கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன் இருக்கும். ஆக 46 டன் தேவை. சுருக்கமாக, ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு சென்டிமீட்டர் தடிமனுக்கும் 24 கிலோ.

நீளத்தை 30 சென்டிமீட்டர் தப்பாக அளந்திருந்தால் அரை டன்கூட வித்தியாசம் வராது. தடிமன் 5 மில்லிமீட்டர் கூடினாலோ கிட்டத்தட்ட 6 டன் கூடுதலாகப் போய்விடும். அந்த 5 மில்லிமீட்டர் கண்ணில் படாது. அடித்தளத்தில் அங்கங்கே பள்ளம் இருந்தால் கலவை முதலில் அதைத்தான் நிரப்பும். அதனால் ஆர்டர் கொடுக்குமுன் குறுக்கே கயிறு கட்டி, மீட்டருக்கு மீட்டர் பள்ளத்தை அளந்து, ஜல்லி போட்டு மட்டப்படுத்திவிட வேண்டும். மழைநீர் வடிய வேண்டிய சரிவும் அடித்தளத்திலேயே அமைய வேண்டும். விலை கூடிய தார்க்கலவையால் அதைச் சரிக்கட்டுவது வீண்செலவு.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி மேட்டு வீடுகளின் செங்குத்தான வண்டிப்பாதைக்குச் சரிவுக்கென்று தனியாகக் கூட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். நாடாவைத் தரையோடு பிடித்து அளந்திருந்தால் வேண்டாம். வரைபடத்திலிருந்து எடுத்த அளவு என்றாலும், ஆறுக்கு ஒன்று என்ற சரிவுக்கு 1.4 சதவீதம்தான் கூடும்.

சரி, அந்த 2.4 எங்கிருந்து வருகிறது? போட்டு முடித்த தளத்திலிருந்து 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வில்லையைத் துளைத்து எடுப்பார்கள். 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள வில்லை காற்றில் 754 கிராம் இருக்கிறது, தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 440 கிராம் காட்டுகிறது என்று கொள்வோம். குறைந்த 314 கிராம்தான் அது ஒதுக்கிய நீரின் எடை. 754-ஐ 314-ஆல் வகுத்தால் 2.4. அதாவது நீரைவிட 2.4 மடங்கு கனம்; ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன் என்பதால் கலவை 2.4 டன். ஆர்க்கிமிடீஸ் சொன்ன அதே விதி!

இந்த எண் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. கலவையில் தார் எடைக்கு 5 சதவீதம் போலத்தான் இருக்கும், மீதியெல்லாம் கல்லும் மணலும் கல்தூளும். டோலரைட் கல் கனமானது, குவார்ட்சைட் அதைவிட லேசு. கல்லைப் பொறுத்து இறுகிய அடர்த்தி 2.3-லிருந்து 2.5 வரை மாறலாம். நம் முற்றத்துக்கே அது 4 டன் வித்தியாசம். கலவை நிலையத்தில் அடர்த்தியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் சொல்வார்கள்.

விலை டன்னுக்கு என்பதற்கும் காரணம் உண்டு. லாரியில் கலவை உதிரியாக இருக்கிறது. 50 மில்லிமீட்டர் பரப்பினால்தான் இறுகி 40 ஆகும். கொள்ளளவு மாறிக்கொண்டே போகும், எடை மாறாது.

அப்புறம், ஓரங்களிலும் கொடிமரத்தைச் சுற்றியும் கையால் பரப்பும்போது சேதாரம் ஆகும். அதற்கு 5 சதவீதம் சேர்த்து 48 டன் சொல்லலாம். குறைத்துச் சொல்வதுதான் எனக்குப் பயம். கலவை 150 டிகிரி அளவில் வருகிறது, சுமார் 90-க்குக் கீழே ஆறினால் ரோலர் ஓட்டியும் சரியாக இறுகாது. பற்றாக்குறைக்கு வரும் இன்னொரு லாரி தாமதமானால், ஆறிப்போன ஓரத்தோடு புதுக் கலவை ஒட்டாது. டர்பன் கோடை மழை அந்த இணைப்பு வழியாகத்தான் உள்ளே இறங்கும்.

வேலை நடக்கும்போதே கணக்கைச் சோதிக்கலாம். 10 டன் லாரி 104 சதுர மீட்டரை மூட வேண்டும், அதாவது 3 மீட்டர் அகலப் பட்டையில் ஏறக்குறைய 35 மீட்டர் நீளம். 30 மீட்டரிலேயே தீர்ந்துவிட்டால் தடிமன் 46 மில்லிமீட்டருக்குப் போய்விட்டது என்று பொருள். அடுத்த லாரியைக் கொட்டுமுன் பரப்பும் உயரத்தைக் குறைக்கச் சொல்லிவிடுங்கள்.